சொத்துக்கு மதிப்பு எழுதுபவர்: பெங்களூரில் இல்லாத ஒரு பதிவேடு

பெங்களூரில் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற அடுக்குமாடித் திட்டம் ஒன்றில் வீடு விற்றுக்கொடுக்கும் தரகர் முதலில் கர்நாடக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டின் மாநில விதிகள் அதற்கு நிர்ணயித்த கட்டணம் தனிநபருக்கு 25,000 ரூபாய், நிறுவனத்துக்கு 2 லட்சம் ரூபாய். பதிவானதும் அவர் பெயரை ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அதே வீட்டுக்குக் கடன் தருமுன் வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. அவர் கர்நாடக அரசின் எந்த அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. மாநில அரசின் எந்தத் தளத்திலும் அவர் பெயர் இல்லை. தரகர் சொல்லும் விலையை வாங்குபவர் ஏற்கலாம், பேரம் பேசலாம், எழுந்து போகலாம். மதிப்பீட்டாளர் எழுதும் தொகையோடு பேரம் கிடையாது. எவ்வளவு கடன் கிடைக்கும், கடன் தவறினால் வீடு என்ன விலையில் ஏலத்துக்கு வரும், பாகப்பிரிவினையில் யாருக்கு எவ்வளவு, விற்றால் எவ்வளவு வரி என்பதெல்லாம் அந்தத் தொகையிலிருந்துதான் தொடங்குகின்றன. இவ்வளவு பாரம் சுமக்கும் கையெழுத்தைப் போடுபவர் யார், என்ன படித்தவர், அவர்மேல் நடவடிக்கை ஏதும் உண்டா என்று சாதாரணக் குடும்பம் ஒன்று சரிபார்க்க ஒரே பொதுப் பதிவேடு வேண்டும். மதிப்பீட்டாளர்கள் இன்று பல வாசல்களில் கட்டும் கட்டணங்கள் அப்படியொரு பதிவேட்டைத் தரவில்லை. அந்தக் கட்டணங்களை நியாயம், அநியாயம் என்று எடைபோட வேண்டியது இந்த இடத்திலிருந்துதான் என்பது என் வாதம்.

முதல் வாசல் டெல்லியில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 247ஆம் பிரிவு 'பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்' என்ற தகுதியை உருவாக்கியது. அதற்கான விதிகள் 2017 அக்டோபரில் வந்தன. இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம் பதிவு அதிகாரியாக நியமிக்கப்பட்டது. நிலமும் கட்டடமும், இயந்திரங்கள், நிதிச் சொத்துகள் என மூன்று பிரிவுகளாகப் பதிவு நடக்கிறது. நிலம், கட்டடப் பிரிவுக்குள் வர சிவில் என்ஜினியரிங், கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் போன்றவற்றில் பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும். முதுகலைப் பட்டம் இருந்தால் மூன்றாண்டு போதும். பிறகு வாரியம் அங்கீகரித்த மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி, அதன் 50 மணி நேரப் பாடத்திட்டத்தை முடித்து, கணினித் தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். இதற்கெல்லாம் பிறகு வாரியத்துக்குச் செலுத்தும் விண்ணப்பக் கட்டணம் தனிநபருக்கு 5,000 ரூபாய், நிறுவனத்துக்கு 10,000 ரூபாய். பாடக் கட்டணம், தேர்வுக் கட்டணம், உறுப்பினர் சேர்க்கை, ஆண்டுச் சந்தா, தொடர்கல்வி வகுப்பு ஆகியவை தனி. அமைப்புக்கு அமைப்பு அவை மாறுபடும். ஒரு சிவில் என்ஜினியருக்கு இந்த மொத்தம் தாங்க முடியாத தொகை அல்ல. தரகரின் 25,000 ரூபாயோடு ஒப்பிட்டால் வாரியத்தின் 5,000 ரூபாய் சிறியதுதான்.

ஆனால் இந்தப் பதிவு திறந்துவிடும் வேலை குறுகியது. கம்பெனிகள் சட்டப்படி தேவைப்படும் மதிப்பீடுகளுக்கும் திவால் நடவடிக்கைகளுக்கும் அது கட்டாயம். கடனில் மூழ்கிய நிறுவனத்தின் சொத்துகளை மதிப்பிட இரண்டு பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களை நியமிக்க வேண்டும். 2019 பிப்ரவரி முதல் அந்த வேலையைப் பதிவில்லாத யாரும் செய்ய முடியாது. பெங்களூரில் ஒரு மதிப்பீட்டாளர் சாப்பிடுவது இந்த வேலையால் அல்ல. வீட்டுக்கடன், அடமானக் கடன், வரி, விசாவுக்குக் காட்டும் சொத்து விவரம், குடும்பப் பாகப்பிரிவினை ஆகியவைதான் அவருடைய அன்றாடம். அந்த அன்றாடத்தில் பாதிக்கு இன்னொரு வாசலைத் தட்ட வேண்டும்.

அந்த இரண்டாவது வாசல் 1957ஆம் ஆண்டின் செல்வ வரிச் சட்டம். 1972இல் செய்த திருத்தத்தால் அதில் 34ஏபி என்ற பிரிவு நுழைந்தது. வருமான வரித் துறையே மதிப்பீட்டாளர்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. அசையாச் சொத்துக்கு விதி கேட்ட அனுபவம் பொதுவாகப் பத்தாண்டு. மதிப்பீட்டாளர் வாங்கக்கூடிய ஊதியத்துக்கும் அந்த விதிகள் உச்சவரம்பு வைத்தன. சொத்து மதிப்பின் முதல் 5 லட்சத்துக்கு அரை சதவீதம், அதன்மேல் படிப்படியாகக் குறையும் விகிதம். மதிப்பைக் கூட்டி எழுதினால் ஊதியமும் கூடும் என்ற இந்த அமைப்பு, நேர்மையானவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் பழைய பிழை. 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டம் செல்வ வரியையே ஒழித்துவிட்டது. வரி போனது, பதிவு போகவில்லை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய வீட்டை விற்பவர் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம் என்பதால், ஜெயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ அல்சூரிலோ தலைமுறை வீட்டை விற்கும் குடும்பங்கள் இந்தப் பதிவு உள்ளவரின் அறிக்கையைத் தேடிப்போயின. கடன் தவறியவர்களின் சொத்தை வங்கிகள் நீதிமன்றம் போகாமலே விற்க வழிசெய்த 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் விதிகளும், விற்பனைக்கு முன் கட்டாயமாக வாங்க வேண்டிய மதிப்பீட்டை யார் எழுதலாம் என்பதை இதே 34ஏபி பிரிவைக் கொண்டுதான் வரையறுத்தன. ஒழிந்துபோன ஒரு வரியின் பதிவேட்டை நம்பி உயிருள்ள குடும்பங்களின் வீடுகள் ஏலத்துக்கு வந்தன என்பதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை.

மூன்றாவது வாசல்தான் மிகக் குறுகலானது: வங்கிகளின் பட்டியல். ரிசர்வ் வங்கி 2007 ஜனவரியில் வெளியிட்ட சுற்றறிக்கை, மதிப்பீட்டாளர்களைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு வங்கியும் தன் இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்றது. தகுதியை நிர்ணயிக்கும்போது செல்வ வரி விதிகளைக் கவனத்தில் கொள்ளலாம் என்றது. 50 கோடி ரூபாய்க்கும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துகளுக்கு இரண்டு தனித்தனி அறிக்கைகள் கேட்டது. 2011இல் தேசிய வீட்டுவசதி வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் சேர்ந்து மதிப்பீட்டுக்கான கையேடு ஒன்றைக் கொண்டுவந்தன. நல்ல முயற்சிகள்தான். இருந்தும் அமைப்பு அப்படியே நின்றது. ஒவ்வொரு வங்கிக்கும் வீட்டுக்கடன் நிறுவனத்துக்கும் தனி விண்ணப்பம், தனித் தகுதி, தனிப் பட்டியல். வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் வங்கியின் கையில். ஒரு மதிப்பீட்டாளருக்கு உண்மையான உரிமம் இந்தப் பட்டியல்தான். அதன் விலை ரூபாயில் எழுதப்படாதது. கிளை மேலாளருக்கு இலக்கு இருக்கிறது. கடன் நிறைவேறினால்தான் இலக்கு நிறைவேறும். அவர் மனம் கோணாத அறிக்கை எழுதுபவருக்கே அடுத்த வேலையும் வரும் என்ற அச்சம் மதிப்பீட்டாளரின் பேனாவில் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. இந்த அச்சத்தை எந்தக் கட்டணச் சலுகையும் போக்காது.

வீடு வாங்குபவரிடம் இது எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்கலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக்கடன் வீட்டின் மதிப்பில் 90 சதவீதத்தையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதத்தையும், அதற்கு மேல் 75 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. ஒப்பந்த விலை, மதிப்பீட்டாளரின் மதிப்பு இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்வது வங்கிகளின் வழக்கம். ஹொரமாவிலோ கிருஷ்ணராஜபுரத்திலோ ஒரு குடும்பம் 75 லட்சத்துக்கு வீடு பேசி முன்பணம் கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீட்டாளர் 68 லட்சம் என்று எழுதினால் எதிர்பார்த்த 60 லட்சம் கடன் 54 லட்சத்து 40 ஆயிரமாகச் சுருங்கும். மீதி 5 லட்சத்து 60 ஆயிரத்தை அந்தக் குடும்பம் சில வாரங்களில் நகையிலிருந்தோ உறவினரிடமிருந்தோ புரட்ட வேண்டும். அவர் எழுதியது சரியாகவே இருக்கலாம். அவர்களை அதிக விலை கொடுப்பதிலிருந்து காப்பாற்றியும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வழிதான் இல்லை. மதிப்பீட்டுச் செலவு 'லீகல், டெக்னிக்கல் கட்டணம்' என்ற பெயரில் அவர்களிடமே வசூலாகிறது. அறிக்கையின் நகல் அவர்கள் கைக்கு இயல்பாக வருவதில்லை. அமெரிக்காவில் 2014 ஜனவரி முதல் முதல்நிலை வீட்டுக்கடனுக்கான மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கடன் முடிவதற்குக் குறைந்தது மூன்று வேலைநாள் முன்னதாக வங்கியே கடன் வாங்குபவருக்குத் தர வேண்டும். பணம் கட்டியவர் அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்ற எளிய நியாயம் அது.

இணையதளங்களை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் குறை எங்கே என்பது துலங்கும். திவால் வாரியத்தின் தளம் இருப்பவற்றில் சிறந்தது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களின் பெயர், பதிவெண், சொத்துப் பிரிவு, சார்ந்த அமைப்பு ஆகியவை அதில் உண்டு. பதிவை நிறுத்திவைத்த, ரத்துசெய்த ஆணைகளும் அங்கேயே வெளியாகின்றன. ஆனால் வீட்டுக்கடனுக்கு வந்தவர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற பொதுக்கட்டாயம் இல்லை. 34ஏபி பதிவு வருமான வரித் துறையின் அந்தந்த வட்டார அலுவலகங்களோடு கட்டுண்டது. நாடு முழுவதும் ஒரே இடத்தில் பொதுமக்கள் தேடும் பதிவேடாக அது வளரவில்லை. இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது இன்னொரு பட்டியல். மோசடிக்குத் துணைபோன மதிப்பீட்டாளர், வழக்கறிஞர், கட்டுநர் போன்றவர்களின் பெயர்களை வங்கிகள் இந்திய வங்கிகள் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009இலேயே சொன்னது. சங்கம் அதைத் தொகுத்து எச்சரிக்கைப் பட்டியலாக வங்கிகளுக்குள் சுற்றுக்கு விடுகிறது. ஆக, யார் நம்பத்தகாதவர் என்ற அறிவு நாட்டில் இருக்கிறது. கடன் கொடுப்பவர் கையில் இருக்கிறது. வாங்குபவர் கையில் இல்லை. வங்கிகள் தம் மதிப்பீட்டாளர்களைத் தாமே சலித்துக்கொள்கின்றன, பொதுமக்களுக்குத் தனிப் பதிவேடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தப் பட்டியலே பதில். வங்கி சலிப்பது வங்கியின் பணத்துக்காக. பாகப்பிரிவினைக்கு மதிப்பீடு கேட்கும் அண்ணன் தம்பிகளுக்கு அந்தச் சல்லடை கிடைக்காது. வங்கி நீக்கிய ஒருவரை அதே வாரத்தில் அவர்கள் வேலைக்கு அமர்த்தக்கூடும்.

கர்நாடகம் இணையத்தில் பின்தங்கிய மாநிலம் என்றால் இதை அப்படியே விட்டுவிடலாம். நில ஆவணங்களை மின்மயமாக்கியதில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. 'பூமி' திட்டம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பஹணி எனப்படும் நில உரிமைப் பதிவைக் கணினிக்குக் கொண்டுவந்தது. பத்திரப் பதிவுக்கான 'காவேரி' தளத்தில் வில்லங்கச் சான்று கிடைக்கிறது. 2023இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. நில அளவைக்கு 'மோஜினி' உண்டு. நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் கைப்பேசியில் காட்ட 'திஷாங்க்' செயலி உண்டு. 2024 இறுதியில் பத்திரப் பதிவுக்கு மின்காத்தா (காத்தா என்பது உள்ளாட்சியின் சொத்துக் கணக்கு) கட்டாயமானது. நிலத்தைப் பற்றிய தகவல் இவ்வளவு திறந்த பிறகும், அந்த நிலத்துக்கு விலை எழுதும் மனிதரைப் பற்றிய தகவலுக்கு மாநிலத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. பெங்களூரின் சொத்துகள் படித்தறியக் கடினமானவை என்பதால் இந்த விடுபடல் இன்னும் கனக்கிறது. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு 30க்கு 40 சைட்டுகளில் ஒன்றுக்கு விதிகளுக்கு உட்பட்ட ஏ காத்தா, இன்னொன்றுக்கு விதிகளுக்கு உட்படாத சொத்துகளுக்கான பி காத்தா இருக்கும். விதிமீறிய கட்டடங்களை ஒழுங்குபடுத்தும் அக்ரம சக்ரம திட்டத்தை 2017இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அதை நம்பிக் கூடுதல் மாடி எழுப்பியவரின் வீட்டுக்கு என்ன மதிப்பு? ஏரிக்கரையிலிருந்து 75 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே மாதம் ஆணையிட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்ய, பழைய 30 மீட்டர் விதி திரும்பியது. பெலந்தூர், வர்த்தூர் ஏரிகளை ஒட்டிய மனைகள் அந்த மூன்றாண்டுக்குள் கட்டத் தகாதவையாகி மறுபடி கட்டத் தகுந்தவையாகின. ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய்களின் ஓரத்திலும் இதே கதைதான். மதிப்பீட்டாளரின் வேலை சதுர அடியைப் பெருக்குவது மட்டுமென்றால் இதெல்லாம் தேவையில்லை. அவர் உண்மையில் எழுதுவது சட்டம், நீர், சாலை, ஆவணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த தீர்ப்பு.

அரசே வழிகாட்டி மதிப்பு வெளியிடுகிறதே, தனி மனிதரின் மதிப்பீட்டுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று ஒருவர் கேட்கலாம். கர்நாடக முத்திரைச் சட்டத்தின் 45பி பிரிவின்கீழ் மத்திய மதிப்பீட்டுக் குழு அதை நிர்ணயிக்கிறது. சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2023 அக்டோபர் 1 முதல் பெங்களூரில் புதிய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன.  இந்த மதிப்பு வரிக்கான அடித்தளம். அதற்குக் கீழே விலை காட்டினால் முத்திரைத் தீர்வை மட்டுமல்ல, வருமான வரியும் பின்தொடரும். பத்து சதவீதம் வரையான வேறுபாட்டைத்தான் வருமான வரிச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு 5 சதவீத முத்திரைத் தீர்வை, அதன்மேல் செஸ், கூடுதல் வரி, 2025 ஆகஸ்ட் 31 முதல் இரட்டிப்பான 2 சதவீதப் பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து நகரத்தில் 7.6 சதவீதம் ஆகிறது. ஒரு தெருவுக்கு ஒரு மதிப்பு என்று எழுதும் பட்டியலுக்குத் தெருவுக்குள் இருக்கும் வேறுபாடு தெரியாது. வடக்கு முனையில் மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் வீட்டுக்கும் தெற்கு முனையில் மேட்டில் நிற்கும் வீட்டுக்கும் ஒரே தொகைதான். வழிகாட்டி மதிப்பு தன் வீட்டுக்கு அதிகம் என்று நினைப்பவர் தம் வழக்கைச் சொல்ல நம்பி நாடுவதும் ஒரு மதிப்பீட்டாளரையே. ஆக, வழிகாட்டி மதிப்பு வலுப்பெற வலுப்பெற மதிப்பீட்டாளரின் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

பொதுப் பதிவேடு என்ற யோசனைக்கு முன்னோடி அமெரிக்கா. அதன் வெற்றியையும் தோல்வியையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1980களில் அங்கே சேமிப்பு, கடன் சங்கங்கள் வரிசையாகக் கவிழ்ந்தன. கவிழ்ந்ததற்குத் தவறான சொத்து மதிப்பீடுகள் எவ்வளவு காரணம் என்று 1986இல் நாடாளுமன்றக் கீழவையின் குழு ஒன்று ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் மதிப்பீட்டாளர் உரிமத்தை மாநிலங்களின் பொறுப்பாக்கியது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வாரியம், அதற்கென ஒரு தளம். எல்லா மாநிலப் பதிவுகளும் ஒரே தேசியப் பதிவேட்டில் சேரும். அந்தப் பதிவேட்டுக்காக ஒவ்வொரு மதிப்பீட்டாளரிடமும் ஆண்டுக்கு 40 டாலர் தனியே வசூலிக்கப்படும். மாநிலக் கட்டணம் எவ்வளவு மாறினாலும் இந்த 40 டாலர் எதற்கு என்பது கட்டுபவருக்கும் தெரியும், தேடுபவருக்கும் தெரியும். இருந்தும் 2008 வந்தது. உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர்களே விலையை ஊதிப் பெருக்கினார்கள். 2007 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், வாஷிங்டன் மியூச்சுவல் வங்கியின் அழுத்தத்துக்கு ஒரு மதிப்பீட்டு நிறுவனம் பணிந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. பதிவேடு இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது கனமான மறுப்பு. அதை நான் ஏற்கிறேன். மதிப்பீட்டாளரை நியமிப்பவரும் கடனை விற்பவரும் ஒருவராக இருக்கும்வரை எந்தப் பதிவேடும் அழுத்தத்தைத் தடுக்காது. 2010ஆம் ஆண்டு டாட்-ஃபிராங்க் சட்டம் அதனால்தான் மதிப்பீட்டாளரின் சுதந்திரத்தைத் தனியாகப் பாதுகாத்தது. பதிவேட்டின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. அழுத்தத்துக்குப் பணிந்தவர் யார் என்று பிறகு கண்டுபிடிக்கவும், பணியாமல் வங்கி வேலையை இழந்தவருக்கு வங்கிக்கு வெளியே வாடிக்கையாளர் கிடைக்கவும் அது உதவுகிறது. இரண்டாவது பயன் அதிகம் பேசப்படுவதில்லை. பொதுமக்கள் தேடக்கூடிய இடத்தில் பெயர் இருந்தால்தான் மதிப்பீட்டாளர் கிளை மேலாளரிடம் 'முடியாது' என்று சொல்லத் துணிவார்.

பொருளியலாளர்கள் சிலரின் ஆட்சேபம் இன்னும் அடிப்படையானது. தொழில் உரிமம் என்பதே உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களைத் தடுக்கக் கட்டும் மதில் என்று 1962இல் மில்டன் ஃபிரீட்மன் எழுதினார். அவருடைய பார்வையை மதிக்கிறேன். அமெரிக்க அனுபவமும் அதற்குச் சான்று தருகிறது. அங்கே குடியிருப்புச் சொத்துக்கான சான்றிதழுக்கு 1,500 மணி நேரமும், எல்லாச் சொத்துக்குமான சான்றிதழுக்கு 3,000 மணி நேரமும் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலைசெய்திருக்க வேண்டும். நாளைய போட்டியாளரை இன்று தம் செலவில் பயிற்றுவிக்க மூத்தவர்கள் தயங்கியதால் இளைஞர்கள் நுழைய முடியாமல் போனது. கணினிவழிப் பயிற்சியை மாற்றாக ஏற்கும் நிலை பிறகு வந்தது. இந்தியாவில் ஐந்தாண்டு, பத்தாண்டு அனுபவ விதிகளிலும் இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. என் கோரிக்கை அந்த மதிலை உயர்த்துவதல்ல. பதிவு, சான்றளிப்பு, உரிமம் என்று ஃபிரீட்மனே மூன்று படிகளைப் பிரித்தார். முதலிரண்டை அவர் மூன்றாவதோடு ஒன்றாகப் பார்க்கவில்லை. பெங்களூருக்கு வேண்டியது முதல் இரண்டு. இன்றைய இந்திய நிலையில் மதில் மூன்று இடங்களில் ஏற்கெனவே நிற்கிறது; ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு, தனித் தகுதி. மூன்றையும் ஒரே தகுதியாக இணைத்தால் நுழைவுச் செலவு குறையும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2016இல் மதிப்பீட்டாளர் பதிவையே கைவிட்டதை எதிர் உதாரணமாகக் காட்டுவார்கள். அங்கே வலுவான தொழில்முறைச் சங்கங்கள் அந்த இடத்தை நிரப்பின. இங்கே அந்த இடத்தை நிரப்புவது வங்கிகளின் மூடிய பட்டியல்.

இனி மனிதரே வேண்டாம், பதிவான விலைகளைக் கொண்டு கணினியே மதிப்பிடும் என்ற குரல் கேட்கிறது. அமெரிக்காவில் ஸில்லோ நிறுவனம் தன் கணிப்பை நம்பி வீடுகளை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கி, பெருநஷ்டத்தில் 2021 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தது. தரவு செழித்த நாட்டிலேயே இந்த நிலை. பெங்களூரில் தரவின் நிலை வேறு. பத்திரத்தில் எழுதும் விலை பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்கும். மிச்சம் ரொக்கமாகக் கைமாறும். அந்தப் பத்திரங்களை ஊட்டி வளர்த்த கணினி வழிகாட்டி மதிப்பைத்தான் திரும்பச் சொல்லும். ரொக்கத்தை அறிந்தும், அதை எழுத முடியாமலும், இரண்டுக்கும் நடுவே நியாயமான தொகையைத் தேடுவது இன்றைய மதிப்பீட்டாளரின் மிகக் கடினமான பணி. அவருக்கு உதவ அரசால் முடியும்: பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களுக்கு, விற்றவர் வாங்கியவர் பெயர்களை மறைத்து, காவேரியில் பதிவாகும் விலைகளை நியாயமான கட்டணத்தில் திறந்துவிடலாம். பதிவு இல்லாதவர்களுக்கு அது கிடைக்காது என்றால் பதிவுக்கு ஒரு பொருள் வந்துவிடும், கட்டணத்துக்கும்.

செய்ய வேண்டியதற்கான வரைபடங்கள் ஏற்கெனவே மேசையில் இருக்கின்றன. திவால் வாரியத்தின் அப்போதைய தலைவர் எம்.எஸ். சாஹு தலைமையில் 2019இல் அமைந்த நிபுணர் குழு, மதிப்பீட்டுத் தொழிலுக்கென்றே தனிச் சட்டமும் தேசிய அமைப்பும் வேண்டும் என்று பரிந்துரைத்து 2020இல் வரைவு மசோதா தந்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. தனி அறிக்கைகளைச் சரிபார்க்கும் முறைக்கும் முன்மாதிரி உண்டு. கணக்குத் தணிக்கையாளர்கள் தரும் சான்றிதழ்களுக்கு 2019 முதல் 18 இலக்க அடையாள எண் கட்டாயம். அந்த எண்ணைத் தளத்தில் இட்டால் சான்றிதழ் மெய்யானதா என்று யாரும் பார்க்கலாம். ஒவ்வொரு சொத்து மதிப்பீட்டு அறிக்கைக்கும் இதே முறை வந்தால், ஒரே வீட்டுக்கு இரண்டு வங்கிகளில் இரண்டு மதிப்பு எழுதியவர் தப்ப முடியாது. கையெழுத்தைத் திருடிப் போலி அறிக்கை தயாரிப்பவரும் மாட்டுவார். எண்ணும் எழுதியவர் பெயரும் தேதியும் பொதுவில் இருந்தால் போதும். தொகையைச் சொத்துக்காரரும் கடன் தருபவரும் மட்டும் பார்க்கட்டும்.

மாநில அலுவலகம் ஒன்று கூடினால் லஞ்சத்துக்கான மேசையும் ஒன்று கூடும் என்ற அச்சம் நியாயமானது. சார்பதிவாளர் அலுவலகங்களில் அலைந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் கர்நாடகம் புதிதாக உரிமம் வழங்கும் துறையைத் தொடங்கக் கூடாது என்கிறேன். திவால் வாரியத்தின் பதிவையே தகுதியாக ஏற்றுக்கொண்டு, அதைக் காவேரித் தளத்தோடு இணைத்து, அறிக்கை எண்ணையும் புகாரின் முடிவையும் காட்டும் பக்கம் ஒன்றைத் திறப்பது போதும். யாருக்கு அனுமதி தருவது என்ற அதிகாரம் மாநில அலுவலரிடம் இருக்காது. காட்டும் கடமை மட்டுமே இருக்கும். அரசமைப்பின் பொதுப்பட்டியலில் 26ஆம் பதிவு 'பிற தொழில்களை'யும் உள்ளடக்குவதால் மாநிலம் இதில் சட்டமியற்றவும் இடமுண்டு. அதற்கும் முன்பாகத் தொடங்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பெங்களூரின் பேட்டைகளில் சொத்தை ஈடாக வாங்கிக் கடன் தரும் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ரிசர்வ் வங்கியின்கீழ் வருவதில்லை. 1959ஆம் ஆண்டு கர்நாடகக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் மாநிலக் கூட்டுறவுப் பதிவாளரின் பொறுப்பில் இருக்கின்றன. பதிவேட்டில் உள்ள மதிப்பீட்டாளரின், எண்ணிட்ட அறிக்கை இல்லாமல் சொத்து ஈட்டுக்கடன் தரக் கூடாது, அறிக்கையின் நகலை உறுப்பினருக்குத் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் விதிகளில் சேர்ப்பதற்கு டெல்லியின் அனுமதி தேவைப்படாது.